பரந்தூரின் தலையெழுத்து மீனம்பாக்கத்தில்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் 2018-19 நிதியாண்டில் கையாண்ட பயணிகள் சுமார் 2.25 கோடி பேர். ஆறு ஆண்டுகள் கழித்து, 2024-25இல், அந்த எண்ணிக்கை சுமார் 2.24 கோடி. இடையில் கரோனா வந்தது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால், அதே கரோனாவைக் கடந்துதான் பெங்களூரு சுமார் 3.3 கோடியிலிருந்து 4.2 கோடிக்கும், ஹைதராபாத் சுமார் 2.1 கோடியிலிருந்து 2.9 கோடிக்கும் வளர்ந்திருக்கின்றன. ஒரு காலத்தில் தில்லி, மும்பைக்கு அடுத்த இடத்தில் இருந்த சென்னை, இன்று தென்னிந்தியாவிலேயே மூன்றாவதாக நிற்கிறது. இந்தப் பின்னடைவுக்கு மருந்தாக முன்வைக்கப்பட்டதுதான் காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம். 2022 ஆகஸ்டில் இடம் அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட இலக்கு, ஆண்டுக்கு 10 கோடி பயணிகள். நாட்டிலேயே பெரியதான தில்லி விமான நிலையம் 2024-25இல் கையாண்டதே சுமார் 7.9 கோடிதான் என்பதோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு பெரிய கனவு என்பது புரியும்.

அறிவிப்பு வந்த நாளிலிருந்து இந்தத் திட்டம் பற்றிய விவாதம் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற இரண்டு சொற்களுக்குள்ளேயே சுழன்றுகொண்டிருக்கிறது. வேண்டும் என்பவர்கள் பெங்களூருவைக் காட்டுகிறார்கள். வேண்டாம் என்பவர்கள் திட்ட எல்லைக்குள் வரும் ஏகனாபுரம் கிராமத்தின் வயல்களையும் ஏரிகளையும் காட்டுகிறார்கள். இரண்டு தரப்பும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: பரந்தூர் வந்த பிறகு மீனம்பாக்கம் என்ன ஆகும்? ஒரு பெருநகரில் இரண்டாவது விமான நிலையம் தழைக்குமா, தரிசாகக் கிடக்குமா என்பதை அதன் ஓடுபாதையின் நீளமோ, முனையத்தின் அழகோ தீர்மானிப்பதில்லை. முதல் விமான நிலையத்தை அந்த நகரம் என்ன செய்கிறது என்பதே தீர்மானிக்கிறது. உலகின் அனுபவம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

பெங்களூரு சரியான உவமையா?

முதலில் பெங்களூரு உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2008 மார்ச்சில் ஹைதராபாத்தின் ஷம்ஷாபாத் நிலையமும், அதே ஆண்டு மே மாதம் பெங்களூருவின் தேவனஹள்ளி நிலையமும் திறக்கப்பட்டன. அவை திறக்கப்பட்டதுமே அந்நகரங்களின் பழைய நிலையங்களான பேகம்பேட்டும் எச்.ஏ.எல். நிலையமும் வழக்கமான பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டன. 150 கி.மீ. சுற்றளவில் போட்டி நிலையம் எழக் கூடாது என்ற பாதுகாப்பும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட்டது. ஆகவே, தேவனஹள்ளியும் ஷம்ஷாபாத்தும் அந்தந்த நகரங்களின் இரண்டாவது நிலையங்கள் அல்ல. இடம் மாறிய முதல் நிலையங்கள். நகரத்தின் மொத்த விமானப் போக்குவரத்தும் திறந்த அன்றே அவற்றின் மடியில் வந்து விழுந்தது. பரந்தூருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இரண்டு நிலையங்களும் ஒரே நேரத்தில் இயங்கும் என்றே தொடக்கம் முதல் அரசுத் தரப்பு சொல்லிவருகிறது. மீனம்பாக்கத்தை மூடுவதும் விவேகமல்ல. அங்கே 2023 ஏப்ரலில்தான் புதிய ஒருங்கிணைந்த முனையத்தின் முதல் கட்டம் திறக்கப்பட்டது. மெட்ரோ ரயில் விமான நிலையத்தின் வாசல்வரை வருகிறது; சாலையைக் கடந்தால் திரிசூலம் புறநகர் ரயில் நிலையம். இப்படி நகரத்தோடு பின்னிப் பிணைந்த நிலையத்தைக் கைவிட எந்த அரசும் துணியாது. ஆக, பரந்தூருக்கான பாடத்தை, பழைய நிலையமும் உயிரோடிருக்க, கூடவே புதியதும் வளர முயன்ற நகரங்களில்தான் தேட வேண்டும்.

அப்படித் தேடினால் முதலில் கண்ணில் படுவது கனடாவின் மாண்ட்ரியல். அங்கே 1969இல் மிராபெல் பகுதியில் சுமார் 97 ஆயிரம் ஏக்கர் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1975 அக்டோபரில் நிலையம் திறக்கப்பட்டது. பன்னாட்டு விமானங்கள் மிராபெலுக்கு, உள்நாட்டு விமானங்கள் நகரத்துக்கு அருகில் உள்ள பழைய டோர்வாலுக்கு என்று பிரித்தார்கள். காகிதத்தில் இது கச்சிதமான பாகப்பிரிவினை. ஆனால், வேறு ஊரிலிருந்து டோர்வாலில் வந்திறங்கிய பயணி, லண்டன் விமானத்தைப் பிடிக்க மூட்டை முடிச்சோடு சாலைவழியே அடுத்த நிலையத்துக்கு ஓட வேண்டியிருந்தது. திட்டத்தில் இருந்த விரைவு ரயில் வரவேயில்லை. நெடுஞ்சாலைகளும் அரைகுறையாக நின்றன. பயணிகள் டொரண்டோ வழியாகப் போகப் பழகிக்கொண்டார்கள். மிராபெல் எந்த ஆண்டும் 30 லட்சம் பயணிகளைத் தாண்டவில்லை. 1997இல் பன்னாட்டு விமானங்கள் டோர்வாலுக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டன. 2004 அக்டோபரில் கடைசிப் பயணி விமானம் மிராபெலைவிட்டுப் புறப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து முனையக் கட்டிடத்தையே இடிக்கத் தொடங்கினார்கள். எடுத்த நிலத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே பழைய உரிமையாளர்களுக்குத் திருப்பித் தரப்பட்டிருந்தது. கட்டிடம் சிறியது, ஓடுபாதை குறுகியது என்பதால் மிராபெல் தோற்கவில்லை. மாறிச் செல்லும் பயணி என்ற ஒருவரை யாரும் கணக்கில் வைக்காததால் தோற்றது.

இத்தாலியின் மிலான் இன்னொரு பாடம். 1998இல் விரிவாக்கப்பட்ட மல்பென்சா, அந்நாட்டின் பெரும் விமான மையமாக மாறும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால், நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டரிலேயே இருந்த பழைய நிலையமான லினாத்தே மூடப்படவில்லை. விமானங்களைச் சட்டம் போட்டு மல்பென்சாவுக்குத் தள்ள அரசு முயன்றபோது, அந்த விதிகளை ஐரோப்பிய ஆணையம் ஏற்கவில்லை. பத்தாண்டுகளில், 2008இல், இத்தாலிய விமான நிறுவனமான அலிட்டாலியாவே மல்பென்சாவை மையமாகக் கொள்ளும் திட்டத்திலிருந்து பின்வாங்கியது. நகரத்துக்கு அருகில் ஒரு நிலையம் திறந்திருக்கும்வரை, தொலைவில் உள்ள நிலையத்துக்கு யாரும் விரும்பிப் போக மாட்டார்கள்.

இதற்கு எதிர்த் துருவம் தென் கொரியத் தலைநகர் சோல். 2001 மார்ச்சில் இன்சியான் நிலையம் திறக்கப்பட்டபோது, பழைய கிம்போ நிலையத்திலிருந்து பன்னாட்டு விமானங்கள் அனைத்தும் ஒரே மூச்சில் மாற்றப்பட்டன. நிலையம் திறப்பதற்கு முன்பே அதற்கான விரைவுச் சாலை தயாராக இருந்தது. 2019இல் இன்சியான் கையாண்ட பயணிகள் 7 கோடிக்கும் அதிகம். ஆனால், அங்கே பன்னாட்டுப் போக்குவரத்தே ஒரு மாபெரும் நிலையத்தை நிரப்பப் போதுமானதாக இருந்தது. சென்னையின் நிலைமை அப்படி இல்லை. இங்கு பயணிகளில் பெரும்பகுதி உள்நாட்டினர். பன்னாட்டுப் பயணிகள் நான்கில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களிலும் பலர் மதுரை, தூத்துக்குடி போன்ற ஊர்களிலிருந்து வந்து சென்னையில் மாறுகிறவர்கள். உள்நாட்டு விமானம் மீனம்பாக்கத்திலும், சிங்கப்பூர் விமானம் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளிப் பரந்தூரிலும் நின்றால், அந்தப் பயணிகளில் பலர் சென்னையையே தவிர்ப்பார்கள். பெங்களூருவும் கொழும்பும் அவர்களுக்கு ஒரே கூரையின் கீழ் இணைப்பு விமானம் தரக் காத்திருக்கின்றன. மாண்ட்ரியலின் பிழையை மலிவாக வாங்கி வந்ததாக ஆகிவிடும்.

அப்படியானால், இரண்டு நிலையங்களும் சேர்ந்து செழித்த நகரங்களே இல்லையா? உண்டு. பாங்காக்கில் 2006இல் சுவர்ணபூமி நிலையம் திறக்கப்பட்டதும் பழைய டான் மியாங் மூடப்பட்டது. சில மாதங்களிலேயே, 2007இல், அதைத் திரும்பத் திறக்க வேண்டியதாயிற்று. பிறகு 2012இல் ஏர் ஏசியா உள்ளிட்ட மலிவுக் கட்டண விமானங்கள் டான் மியாங்குக்குப் போயின. 2019 வாக்கில் அங்கே ஆண்டுக்குச் சுமார் 4 கோடிப் பயணிகள். லண்டனின் ஸ்டான்ஸ்டெட் வளர்ந்ததும் மலிவுக் கட்டண விமானங்களால்தான். இவ்விரு இடங்களிலும் பொதுவான அம்சங்கள் இரண்டு. ஒன்று, பெரிய நிலையம் உண்மையாகவே நிரம்பி வழிந்தது. மற்றொன்று, அடுத்த நிலையம் தனக்கென்று ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டது; ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நேராகப் போகிற, நடுவில் மாறத் தேவையில்லாத, கட்டணத்தைப் பார்த்துப் பயணம் செய்கிற மக்களுக்கு அது சேவை செய்தது. முதல் நிலையத்தின் பங்கைப் பிடுங்கி வளராமல், அதில் இடம் கிடைக்காதவர்களையும் அங்கே போகத் தேவையில்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டே அது வளர்ந்தது.

மீனம்பாக்கம் நிரம்பிவிட்டதா?

இந்த உரைகல்லில் சென்னையை உரசிப் பார்ப்போம். மீனம்பாக்கத்தின் சங்கடங்கள் உண்மையானவை. சுமார் 1,300 ஏக்கருக்குள் அடங்கிய நிலையம். ஒரு பக்கம் குன்று, இன்னொரு பக்கம் அடையாறு, சுற்றிலும் வீடுகள். இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டுவதால் இரண்டையும் தனித்தனியாக, ஒரே நேரத்தில் முழுமையாகப் பயன்படுத்த முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையம் பல நாட்கள் மூடப்பட்டதையும் மறக்க முடியாது. ஆனால், இதே சங்கடம் மும்பைக்கும் உண்டு. அங்கும் ஓடுபாதைகள் குறுக்கே வெட்டுகின்றன. நடைமுறையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்குகிறது. இருந்தும் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை அது கையாண்டிருக்கிறது. 2024-25இல் சுமார் 5.5 கோடிப் பயணிகள். லண்டனின் கேட்விக் ஒற்றை ஓடுபாதையை வைத்துக்கொண்டு 2019இல் 4.6 கோடிப் பயணிகளை அனுப்பிவைத்தது. ஆகவே, 2.24 கோடியில் சென்னை நின்றுபோனதற்கு ஓடுபாதையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. விமானங்கள் இரவில் நிற்க இடம், அவை ஓடுபாதையிலிருந்து விரைந்து விலக இணைப்புப் பாதை, முனையத்தின் கொள்ளளவு, எல்லாவற்றுக்கும் மேலாக, சென்னையைத் தங்கள் மையமாகக் கொள்ள விமான நிறுவனங்களுக்கு இருக்கும் விருப்பம் ஆகியவைதான் இங்கே தடை. புதிய முனையத்தின் இரண்டாம் கட்டமும் முடிந்தால் ஆண்டுக்கு 3.5 கோடிப் பயணிகளைக் கையாள முடியும் என்பதே அதிகாரப்பூர்வக் கணக்கு. அதாவது, இன்றைய கூட்டத்தைப் போல ஒன்றரை மடங்கை அங்கே கையாள முடியும்.

‘அப்படியென்றால் பரந்தூரே தேவையில்லை என்று சொல்லிவிடலாமே’ என்று ஒருவர் கேட்கலாம். இங்கேதான் காலக் கணக்கு குறுக்கிடுகிறது. நவி மும்பை நிலையம் பற்றிய யோசனை 1997இல் எழுந்தது. 2018 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. திறப்பு விழா கண்டது 2025 அக்டோபரில். யோசனைக்கும் திறப்புக்கும் நடுவே 28 ஆண்டுகள். சென்னை மறுபடியும் ஆண்டுக்கு ஆறரை சதவீதம் வளரத் தொடங்கினால், ஏழே ஆண்டுகளில் 3.5 கோடியைத் தொட்டுவிடும். நிரம்பிய பிறகு இடம் தேடினால், நடுவில் ஒரு தலைமுறையின் வளர்ச்சி அண்டை மாநிலங்களுக்குப் போய்விடும். எனவே, இரண்டாவது நிலையத்துக்கான ஏற்பாட்டைத் தள்ளிப்போட முடியாது. அதே நேரம், இன்றே பத்துக் கோடிப் பேருக்கான ஊரைக் கட்டி வைக்கவும் காரணமில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம் விவாதம் முட்டுச்சந்தில் நிற்கிறது.

சரக்கே முதல் படி

பரந்தூருக்கு இயல்பாக அமைந்த வேலை ஒன்று உண்டு. அது பயணி அல்ல, சரக்கு. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று விரிந்து கிடக்கும் தொழிற்பட்டையின் பக்கத்தில்தான் அந்த இடம் இருக்கிறது. நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதியில் தமிழ்நாடு முதலிடத்தில் இருப்பதற்குக் காரணமான ஆலைகள் பல இந்தப் பட்டையில்தான் இயங்குகின்றன. 2025இன் தொடக்கத்தில் அமெரிக்க இறக்குமதி வரிக்கு முந்திக்கொள்ள, ஐபோன்களை ஏற்றிய தனிச் சரக்கு விமானங்கள் சென்னையிலிருந்து பறந்ததாகச் செய்திகள் வந்தன. கைபேசி, மின்னணு உறுப்பு, மருந்து போன்ற எடை குறைந்த, விலை மிகுந்த பொருள்கள் கப்பலுக்காகக் காத்திருப்பதில்லை. ஆலையிலிருந்து புறப்படும் லாரி இன்று நகரத்தின் நெரிசலுக்குள் நுழைந்து மீனம்பாக்கம் போக வேண்டியிருக்கிறது. பயணிக்குத் தொலைவாக இருக்கும் பரந்தூர், சரக்குக்கு வாசற்படியாக இருக்கிறது. நகரத்திலிருந்து சுமார் 70 கி.மீ. என்ற அதன் பெருங்குறையே சரக்கு விஷயத்தில் நிறையாக மாறுகிறது. சென்னை - பெங்களூரு விரைவுச் சாலையும் இந்த வட்டாரத்தை ஒட்டியே வருவதால், வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்துப் பயணிகளும் சரக்கும் பெங்களூருவுக்குப் போகாமல் இங்கேயே நிற்க வழி பிறக்கும். முதலில் ஓர் ஓடுபாதை, ஒரு சரக்கு வளாகம், நேரடிப் பயணத்துக்கான மலிவுக் கட்டண விமானங்களுக்கு எளிய முனையம் ஒன்று. இப்படித் தொடங்கினால் பரந்தூர் மீனம்பாக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இதற்கு எழும் வலுவான ஆட்சேபம் நிலம் பற்றியது. ‘இன்று முழு நிலத்தையும் எடுக்காவிட்டால் நாளை விலை எட்டாது, சிறிதாகத் தொடங்கினால் மீனம்பாக்கத்தைப் போலவே நெருக்கடியில் மாட்டிக்கொள்வோம்’ என்கிறார்கள். இந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், எதிர்காலத்துக்கு நிலத்தை ஒதுக்கி வைப்பது வேறு. இன்றே மக்களை வெளியேற்றுவது வேறு. திட்டத்துக்கெனக் குறிக்கப்பட்டது 20 கிராமங்களில் சுமார் 5,746 ஏக்கர். அதில் பட்டா நிலம் மட்டும் 3,700 ஏக்கருக்கு மேல். எஞ்சிய அரசு நிலத்திலும் ஏரி, குளம், கால்வாய் என நீர்நிலைகளே கணிசம். பல ஏரிகளுக்கு உயிர்நாடியான கம்பன் கால்வாய் இந்த எல்லைக்குள் வருகிறது. ஆற்றின் மேலேயே ஓடுபாதையை நீட்டிவிட்டு, 2015இல் அதற்கான விலையைக் கொடுத்த நகரம் சென்னை. அதே பிழையை நான்கு மடங்கு பரப்பில் செய்ய அதற்கு உரிமை இல்லை. எந்தெந்த ஏரியைத் தொடாமல் முதல் ஓடுபாதையை அமைக்கலாம் என்பதே பொறியாளர்களுக்குத் தரப்பட வேண்டிய முதல் கேள்வி.

ஆயிரம் நாட்களைக் கடந்து போராடிய ஏகனாபுரத்தை ‘வளர்ச்சிக்குத் தடை’ என்று ஒதுக்குவோர், டோக்கியோவின் நரிதாவைப் படிக்க வேண்டும். 1966இல் ஜப்பானிய அரசு சன்ரிசூகா விவசாயிகளைக் கலந்துபேசாமல் இடத்தை முடிவு செய்தது. பின்வந்த ஆண்டுகளில் மோதல்களில் உயிர்கள் போயின. 1978 மார்ச்சில் கட்டுப்பாட்டுக் கோபுரமே தாக்கப்பட்டது. அந்த மே மாதம்தான் ஒற்றை ஓடுபாதையோடு நிலையம் திறந்தது. இரண்டாவது ஓடுபாதை 2002இல் வந்தது. அதுவும் சில நிலங்கள் கிடைக்காததால் 2,180 மீட்டராகக் குறுகியது. முனையத்துக்குள் ரயில் வரவே 1991 ஆயிற்று. 1995இல் பிரதமரே விவசாயிகளிடம் வருத்தம் தெரிவித்தார். இதற்குள் கடலைத் தூர்த்து விரிந்த பழைய ஹனேதா, 2010இல் புதிய ஓடுபாதையோடு பன்னாட்டு விமானங்களையும் பெருமளவில் ஏற்கத் தொடங்கியது. 2019இல் ஹனேதாவின் பயணிகளில் சுமார் பாதிதான் நரிதாவுக்கு. மக்களின் சம்மதம் இல்லாமல் பிடித்த நிலம், அந்த நிலையத்தின் வளர்ச்சியை அரை நூற்றாண்டுக்கு முடக்கியது. அங்கே விவசாயிகளும் இழந்தார்கள், விமான நிலையமும் இழந்தது.

அடுத்த சிக்கல் அதிகம் பேசப்படாதது: உரிமை. மீனம்பாக்கம் ஒன்றிய அரசின் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் கையில் இருக்கிறது. பரந்தூர் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ வழியாக, தனியார் முதலீட்டோடு வர வேண்டிய திட்டம். மும்பையிலும் நவி மும்பையிலும் ஒரே குழுமம் இரண்டு நிலையங்களையும் நடத்துவதால், ஒரு கையில் குறைவதை மறு கையில் பெற்றுக்கொள்ளலாம். சென்னையில் அப்படி இல்லை. பரந்தூருக்குப் போகும் ஒவ்வொரு விமானமும் ஆணையத்தின் வருவாயில் விழும் ஓட்டை. இரண்டு உரிமையாளர்கள் போட்டியிட்டால் கட்டணம் குறையும், சேவை உயரும் என்று வாதிடுவோர் உண்டு. பிரிட்டனில் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த லண்டன் நிலையங்களைப் போட்டி ஆணையம் பிரிக்கச் சொன்னதும் அந்த நோக்கில்தான். ஆனால், அங்கே முக்கிய நிலையங்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. பிறந்த குழந்தையை மல்யுத்தக் களத்தில் இறக்கிவிடுவதற்குப் பெயர் போட்டியல்ல. எந்த எண்ணிக்கையைத் தொட்டதும் மீனம்பாக்கத்தில் புதிய நேர ஒதுக்கீடு நிறுத்தப்படும், எந்த வகை விமானங்கள் பரந்தூருக்குப் போகும், வருவாய் எப்படிப் பகிரப்படும் என்பதை ஒன்றிய, மாநில அரசுகள் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்பந்தம் இல்லாமல் வரும் எந்தத் தனியார் முதலீட்டாளரும், நட்டத்துக்கான ஈட்டை மாநில அரசிடம்தான் கேட்பார்.

இறுதியாக, ரயில். பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர்வரை மெட்ரோவை நீட்டுவதற்கான திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறது. நீளம் சுமார் 53 கி.மீ. ‘விமான நிலையம் வந்த பிறகு ரயில்’ என்ற வரிசை மாண்ட்ரியலைக் கவிழ்த்தது, நரிதாவை வாட்டியது. இங்கே அந்த வரிசையைத் தலைகீழாக்க ஒரு நல்ல காரணமும் உண்டு. அந்தப் பாதை ஆலைத் தொழிலாளர்களையும் ஸ்ரீபெரும்புதூர் மக்களையும் ஏற்றிச் செல்லும் என்பதால், விமான நிலையம் ஒருவேளை தாமதமானாலும் ரயிலுக்குப் போட்ட பணம் வீணாகாது. ஆனால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று போகும் மெட்ரோ மட்டும் விமானப் பயணிக்குப் போதாது. இடையில் நிற்காத விரைவு வண்டிக்கான தண்டவாள இடத்தை இப்போதே வடிவமைப்பில் சேர்த்தாக வேண்டும்.

ஆட்சியில் யார் இருந்தாலும், பரந்தூரில் அல்லாமல் வேறோர் இடத்தில் இரண்டாவது நிலையம் அமைவதாக முடிவானாலும், இந்தக் கணக்கு மாறாது. மீனம்பாக்கத்தின் இரண்டாம் கட்டத்தை முடித்து, விமானங்கள் நிற்கும் இடத்தைக் கூட்டி, அதை 3.5 கோடிக்குக் கொண்டுபோவது முதல் வேலை. அது நிரம்பும் வேகத்தைப் பார்த்தே இரண்டாவது நிலையம் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தேவையான நிலம் மட்டும், உரியவர்களின் சம்மதத்தோடு பெறப்பட வேண்டும். ஒரு விமான நிலையத்தையே நிரப்ப முடியாத நகரம், இரண்டைக் கட்டி வைத்துக்கொண்டு இரண்டையும் பாதி காலியாக ஓட்ட நேரிடும். அந்த நிலையில் பெங்களூருவோடு போட்டி போடுவது இருக்கட்டும், ஏகனாபுரத்துக்குப் பதில் சொல்லக்கூட நம்மிடம் வார்த்தை இருக்காது.